கஞ்சா எண்ணெயை வீட்டில் காய்ச்சலாமா? டர்பன் மருந்துக்கடைக் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். தனிப்பட்ட இடத்தில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமல்ல என்ற 2018 தீர்ப்புக்கு முன்னால், கஞ்சா எண்ணெயைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் கடையில் ஆள் குறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இப்போது பிரஷர் மாத்திரை வாங்க வந்த இடத்திலேயே கேட்கிறார்கள். ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கும் உறவுக்காரர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். சந்தேகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

காய்ச்சும் செய்முறை இங்கே இல்லை. ஏன் இல்லை என்பதை ஸ்பிரிட் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

கஞ்சா எண்ணெய்னா என்ன? பெரிய மருந்துக்கடையில விக்கிற சி.பி.டி. எண்ணெயும் இதுவும் ஒண்ணா?

இல்லை. கஞ்சாச் செடியின் பூவில் பிசின் இருக்கிறது. அதில் உள்ள பொருட்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். டி.எச்.சி. போதை தரும், சி.பி.டி. போதை தராது. கடையில் வெளிப்படையாக அடுக்கி வைத்திருப்பது சி.பி.டி. அதற்கும் அளவு உண்டு. 2020 மே மாத அரசிதழ்ப்படி, சீட்டில்லாமல் விற்கும் குப்பியில் மொத்தம் 600 மில்லிகிராம் சி.பி.டி.க்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும்படி எழுதியிருக்கவும் கூடாது. அதற்கு மேல் போனால் அது மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்து.

வீட்டில் காய்ச்சுகிறோம் என்று ஜனங்கள் சொல்வது வேறு பொருள். டக்கா என்று இங்கே சொல்லும் கஞ்சாவின் பிசினை மொத்தமாகப் பிரித்துச் சுண்டவைத்த கறுப்புக் குழம்பு அது. வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இருப்பதால் ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்துக் கொடுப்பார்கள். அதில் பெரும்பகுதி டி.எச்.சி. இரண்டையுமே "கஞ்சா எண்ணெய்" என்று ஒரே பெயரால் கூப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம். யாராவது சிபாரிசு செய்தால், முதலில் "எது?" என்று கேளுங்கள்.

பச்சை இலையை அப்படியே மென்னா போதை வராதாமே? எண்ணெய்ல மட்டும் எப்படி வருது?

பச்சைச் செடியில் டி.எச்.சி. நேரடியாக அதிகம் இருப்பதில்லை. அதன் அமில வடிவம்தான் இருக்கும், அது போதை தராது. சூடு பட்டால் அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து டி.எச்.சி.யாக மாறும். புகைப்பவர்களுக்கு நெருப்பு அதைச் செய்துவிடுகிறது. எண்ணெயில், காய்ச்சும்போதோ அதற்கு முன்போ சூடு காட்டியிருப்பார்கள்.

வீட்டு எண்ணெயில் எத்தனை பங்கு மாறியிருக்கிறது, எத்தனை பங்கு மாறவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே செடி, ஒரே கை, ஒரே பாத்திரம் என்றாலும் இரண்டாவது முறை வேறு பலத்தில் வரும்.

ஒரு அரிசி மணி அளவுதான் எடுக்கணும்னு சொல்றாங்க. அது கொஞ்சம்தானே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு அரிசி சுமார் 25 மில்லிகிராம் எடை இருக்கும். எண்ணெயில் 60 சதவீதம் டி.எச்.சி. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், சுண்டிய எண்ணெயில் அது சாதாரணம். அப்படியானால் அந்த ஒரு மணியில் 15 மில்லிகிராம் டி.எச்.சி. பழக்கமே இல்லாத ஒருவர், அதுவும் வயதானவர், தொடங்க வேண்டியது 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. ஆக, "கொஞ்சம்" என்று நினைத்தது ஆறு மடங்கு. அரிசியிலும் பாசுமதியா, பொன்னியா? சிரிஞ்சிலிருந்து பிதுக்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வந்துவிடுகிறது. பார்வை மங்கிய ஆயா தானே பிதுக்கி எடுத்துக்கொண்டால் எவ்வளவு போகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பூவின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 15 சதவீதம் பலமுள்ள பூ ஒரு கிராமில் 150 மில்லிகிராம் அமிலம் இருக்கும். முழுவதும் மாறினால் சுமார் 130 மில்லிகிராம் டி.எச்.சி. ஆனால் உங்கள் செடி 8 சதவீதமா, 20 சதவீதமா என்று ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "டர்பன் பாய்சன்" என்று ரகத்தின் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது பலத்துக்கு அத்தாட்சி ஆகாது.

ஸ்பிரிட் ஊத்தி, ரைஸ் குக்கர்ல வச்சா எண்ணெய் வந்துடுமாமே. புதுசா செய்யறவங்க வீட்டுல செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

சாராயமோ வேறு கரைப்பானோ பிசினைக் கரைத்து எடுக்கும். பிறகு அந்தக் கரைப்பானை ஆவியாக்க வேண்டும். எத்தனாலின் ஆவி 13 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு எழும்பும். டர்பனில் நம் சமையலறை குளிர்காலத்தில்கூட அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பரவும். சமையலறையில் ஆரம்பித்து, பூஜை அறைக் காமாட்சி விளக்கு எரியும் இடம்வரை போகும். மின்வெட்டுக்காக நாம் எல்லோருமே வாங்கி வைத்த எரிவாயு அடுப்பு இருக்கிறது, ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது விழும் பொறி இருக்கிறது, ரைஸ் குக்கரின் சூடு தணிக்கும் ஸ்விட்சே இருக்கிறது. இதில் எந்தப் பொறியும் போதும். குக்கர் சோறு வடிப்பதற்காகச் செய்தது, எரியும் ஆவியைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. லைட்டரில் அடைக்கும் பியூட்டேன் வாயுவால் எடுப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். வீட்டுக்குள் அந்த வாயு கசிந்து தீப்பிடித்து முகமும் கைகளும் வெந்தவர்கள் பல நாடுகளில் தீக்காயப் பிரிவுகளில் வந்து படுத்திருக்கிறார்கள்.

அப்புறம் மிச்சம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில், யாரும் குடித்துவிடக் கூடாது என்றே கசப்புப் பொருளும் நச்சும் சேர்க்கிறார்கள். சாராயம் ஆவியான பிறகும் சேர்த்ததெல்லாம் அதோடு போய்விடாது, எண்ணெயில் தங்கும். பெயின்ட் கரைப்பான் நாப்தாவில் எடுக்கச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று இன்னும் கையிலிருந்து கைக்குப் போகிறது. அதைப் புற்றுநோயாளிக்குக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

அடுப்பை அணைச்சிட்டு, பின்பக்க முற்றத்துல வச்சு செஞ்சா ஆபத்து இல்லையே?

குறையும், போகாது. காற்றில்லாத நாளில் ஆவி சுவர் மூலையில் தேங்கும். பக்கத்து வீட்டில் யாரோ பிராய்க்கு, அதாவது இறைச்சி சுட, நெருப்பு மூட்டுவார்கள், யாரோ சிகரெட் பற்றவைப்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் பாதி ஒட்டுச்சுவர் வீடுகள். தீ உங்கள் முற்றத்தோடு நிற்காது. மேலும் முற்றத்தில் காய்ச்சினாலும் அரிசி மணிக் கணக்கு மாறப்போவதில்லை. பலம் தெரியாத மருந்து, பலம் தெரியாத மருந்துதான்.

அப்போ நெய்யிலயோ தேங்காய் எண்ணெய்லயோ ஊற வச்சா?

கரைப்பான் இல்லாததால் வெடிக்கும் ஆபத்து இதில் இல்லை, பலமும் சுண்டிய எண்ணெயைவிடக் குறைவு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு தெரியாத பிரச்சினை அப்படியே இருக்கிறது. கலக்காமல் வைத்தால் அடியில் ஒரு பலமும் மேலே ஒரு பலமுமாக இருக்கும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. செடி ஈரத்தோடு எண்ணெயில் மூழ்கி, காற்றுப் புகாத பாட்டிலில், அலமாரியில் வாரக்கணக்கில் இருந்தால் போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கொடுக்கும். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். நம் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் சரியாகக் காயாத பூவில் பூஞ்சை பிடிப்பதும் சகஜம். கீமோதெரபி எடுப்பவரின் உடம்புக்கு அந்தப் பூஞ்சையே ஒரு நோய்.

நம்ம நாட்டுல இப்ப எல்லாம் சட்டப்படி சரிதானே?

எல்லாம் இல்லை. 2018 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், நீதிபதி ரேமண்ட் ஸோண்டோ எழுதிய தீர்ப்பில், வயது வந்தவர் தனிப்பட்ட இடத்தில் தன் சொந்த உபயோகத்துக்காகக் கஞ்சா வைத்திருப்பதும் வளர்ப்பதும் பயன்படுத்துவதும் குற்றமல்ல என்றது. ரஸ்தஃபாரி சமயத்தவரான கேரத் பிரின்ஸ் பல வருடங்கள் போராடிய வழக்கு அது. 2024 மே 28 அன்று அதிபர் ராமபோசா தனிப்பட்ட உபயோகத்துக்கான கஞ்சாச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

விற்பதும் வாங்குவதும் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு சிரிஞ்ச் கொடுத்து 300 ரேண்ட் வாங்கினால் நீங்கள் வியாபாரி. அந்தத் தீர்ப்பு பேசியதும் வைத்திருத்தல், வளர்த்தல், பயன்படுத்துதல் பற்றித்தான். சமையலறையில் கரைப்பான் வைத்து எண்ணெய் பிரிக்க உரிமை என்று அதில் ஒரு வரியும் இல்லை. "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று யாராவது தைரியம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நம்ம தாத்தா காலத்துல கரும்புத் தோட்டத்துல எல்லாரும் பயன்படுத்தினாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?

பயன்படுத்தினார்கள், உண்மை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து "ட்ரூரோ" கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் கஞ்சா புதிதல்ல, இங்கே ஆப்பிரிக்க மக்களிடமும் அது அதற்கு முன்பிருந்தே இருந்தது. பத்தே வருடத்தில், 1870இல், நேட்டால் அரசு ஒப்பந்தக் கூலிகள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும், அவர்களுக்கு விற்பதையும் கொடுப்பதையும் தடை செய்தது. நம் ஆட்களை மட்டும் குறிவைத்து எழுதிய சட்டம். அவர்கள் உடம்பின் மேல் அந்த அரசுக்கு இருந்த அக்கறை, கரும்பு வெட்டும் கை ஓயக் கூடாது என்பதுதான். அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அவர்கள் புகைத்ததும் இடித்துக் குடித்ததும் இலையும் பூவும். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், போதும் என்று நிறுத்திவிடலாம். பூவிலிருந்து பல மடங்கு சுண்டிய பிசினை விழுங்குவது அவர்கள் செய்த காரியம் அல்ல. அவர்கள் அன்றாடம் ஐந்து வகை மாத்திரைகளும் விழுங்கவில்லை.

புற்றுநோயைக் குணமாக்கும்னு சொல்றாங்களே?

மனிதர்களில் அப்படிக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. ஆய்வகக் கிண்ணத்தில் இருக்கும் செல்கள் மீதும் எலிகள் மீதும் சில விளைவுகள் தெரிந்தன. அங்கிருந்து நம் மார்பகப் புற்றுநோய்க்கோ குடல் புற்றுநோய்க்கோ மருந்து என்று தாவ முடியாது. ரிக் சிம்சன் என்ற கனடாக்காரர் தன் தோல் புற்று அதனால் போனதாகச் சொன்னார், எண்ணெய்க்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒருவர் சொன்னது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? இதை நம்பிக் கீமோவைத் தள்ளிப்போடும்போது. மூன்று மாதம் எண்ணெய் பார்த்துவிட்டு வருகிறோம் என்பார்கள். அந்த மூன்று மாதத்தில் அறுவை செய்யக்கூடிய கட்டி செய்ய முடியாததாகிவிடலாம். எண்ணெய் கேட்டு வருகிறவர்களை நான் திட்டுவதில்லை. வீட்டில் ஒருவர் வலியில் துடிக்கும்போது எதையாவது செய்யத்தான் தோன்றும். சிகிச்சையை நிறுத்த மட்டும் வேண்டாம்.

அப்போ எதுக்குத்தான் வேலை செய்யும்?

நல்ல சான்று இருப்பவை: கீமோவால் வரும் வாந்தி, அதற்கு டி.எச்.சி. வகை மருந்துகள் பல நாடுகளில் அங்கீகாரம் பெற்றவை. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நரம்பு நோயில் தசை இறுக்கம். குழந்தைகளுக்கு வரும் ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்னும் கடுமையான வலிப்புகள். இவற்றுக்குச் சுத்திகரித்த சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. நரம்பு வலியில் சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது. மூட்டு வலி, தூக்கமின்மை, சர்க்கரை, பிரஷர் என்று மற்றதற்கெல்லாம் சொல்வதில் பெரும்பாலானவை ஆசைதான்.

வலிப்புக் குழந்தையின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த மருந்து வீட்டு எண்ணெய் அல்ல. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடை பார்த்து, ஈரல் சோதனை செய்துகொண்டே கொடுப்பது. க்ளோபசாம், வால்புரோயேட் என்னும் வலிப்பு மருந்துகள் எடுக்கும் குழந்தைக்கு இன்னும் கவனம் வேண்டும்.

அம்மா வார்ஃபரின் எடுக்கறாங்க, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரையும் உண்டு. கூட இதையும் கொடுக்கலாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம். அதை உடைக்கும் ஈரல் நொதிகளைக் கஞ்சாப் பொருட்கள் மெதுவாக்கும். மருந்து உடம்பில் தேங்கி, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும். பல் துலக்கும்போது ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன திட்டு, கறுத்த மலம் என்று ஆரம்பித்து மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். சி.பி.டி. மட்டும்தானே என்று விடாதீர்கள். இந்த விஷயத்தில் சி.பி.டி.தான் பெரிய வில்லன். இதய நோய்க்குக் க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு எதிர்த்திசையில் நடக்கலாம்: மருந்து உடம்பில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையே அது தடுக்கலாம்.

பிரஷருக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின் இரண்டும் அதே நொதிகளின் வழியாகத்தான் உடைகின்றன. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அப்படி அல்ல. ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டு, எண்ணெயும் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் தூங்கிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். டி.எச்.சி. நெஞ்சைப் படபடக்க வைக்கும், எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும். ராத்திரி பாத்ரூமுக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு உடைந்தால் அந்த வயதில் அது பெரிய இடி. மாரடைப்பு வந்தவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இளைஞர்கள் யாருக்கும் டி.எச்.சி. எண்ணெய் கூடாது.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே தெரியல. இன்னொரு சொட்டு எடுக்கலாமா?

கூடாது. புகை நுரையீரல் வழியாக உடனே போகும். விழுங்கியது குடல் வழியாக ஈரலுக்குப் போய், அங்கே இன்னும் பலமான இன்னொரு பொருளாக மாறி, அப்புறம்தான் மூளைக்கு வரும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதம். உச்சம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில். மறுநாள் காலைவரைகூட மயக்கம் இருக்கலாம். அளவு மீறியதாக நான் கேள்விப்படும் கதைகளில் அதிகமானவை இந்த இரண்டாவது சொட்டில்தான் தொடங்குகின்றன.

அதிகமாயிடுச்சு, இல்ல, குழந்தை எடுத்து நக்கிடுச்சு. என்ன செய்யணும்?

பெரியவர் என்றால்: உட்கார வையுங்கள் அல்லது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பயமும் படபடப்பும் சில மணி நேரத்தில் அடங்கும். நெஞ்சு வலி, மயங்கி விழுதல், எழுப்பினால் எழாமை, பிதற்றல் இருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்: 10177, கைப்பேசியிலிருந்து 112.

குழந்தை என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கம், தள்ளாட்டம் என்று தொடங்கி மூச்சே மெதுவாகிவிடலாம். நச்சு உதவி எண் 0861 555 777, இரவிலும் எடுப்பார்கள். என்ன சாப்பிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், குப்பியையும் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், மூளைக்காய்ச்சலோ என்று நினைத்து முதுகில் ஊசி போட்டுத் தேவையில்லாத சோதனையெல்லாம் செய்ய வேண்டியிருக்கும்.

வேலையில சோதனை பண்ணா மாட்டிக்குவேனா? வண்டி ஓட்டலாமா?

போதை தெளிந்த பிறகும் சிறுநீரில் நாட்கணக்கில் தெரியும், தொடர்ந்து எடுப்பவருக்கு வாரக்கணக்கில். 2024இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டில் புகைத்ததால் சோதனையில் சிக்கி வேலை இழந்த ஓர் அலுவலக ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் மேசை வேலை பார்த்தவர், வேலையில் போதையோடு இருந்ததாகக் குற்றச்சாட்டும் இல்லை. கிரேன் ஓட்டுபவரும் துறைமுகத்தில் வேலை செய்பவரும் அதைத் தனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டி ஓட்டுவதற்கு ஒரே பதில்: எடுத்த அன்றும் மறுநாள் காலையும் வேண்டாம். போதையில் ஓட்டுவது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் குற்றம்.

சென்னையில இருக்கற சித்தப்பாவுக்கு ஒரு சின்ன குப்பி எடுத்துட்டுப் போகலாமா?

போகாதீர்கள். இங்கே கிடைத்த உரிமை தனிப்பட்ட இடத்துக்கானது, விமான நிலையத்தைத் தாண்டாது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், சுண்டிய கஞ்சா எண்ணெயைச் சரஸ் என்ற வகையில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அங்கே பாங்கு என்னும் கஞ்சா இலைப் பானம் விற்கும் கடை இருக்கிறதே என்று வாதாட முடியாது, இலைக்கு ஒரு சட்டம், பிசினுக்கு ஒரு சட்டம். தைப்பூசத்துக்குப் போகிற குடும்பப் பெட்டியில் ஒருவருக்கும் தெரியாமல் யாரும் வைத்துவிடவும் கூடாது.

அப்பாவுக்கு நாலாம் கட்டம். ஒருத்தர் கிட்ட சிரிஞ்ச் வாங்கியாச்சு. இப்ப என்ன செய்யறது?

முதலில் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் சொல்வதில்லை. சொன்னால், வலிக்கும் வாந்திக்கும் தூக்கத்துக்கும் ஏற்கெனவே இருக்கும் மருந்துகளை அவர் சரிசெய்வார். பல வீடுகளில் எண்ணெய் தேடி அலைந்ததற்கே காரணம், மார்ஃபின் சிரப்பைப் பயந்து பாதி அளவு கொடுத்துக்கொண்டிருந்ததுதான். இந்த வேதனைகளைத் தணிப்பதற்கென்றே நோய்த்தணிப்புக் குழுக்கள் இருக்கின்றன, வீட்டுக்கு வந்து பார்ப்பவையும் உண்டு.

கஞ்சா மருந்து பொருந்தும் என்று மருத்துவர் நினைத்தால், மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவிடம் அந்த ஒரு நோயாளிக்காக அனுமதி கேட்கலாம். அப்படி வரும் குப்பியில் மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். மேலே அரிசி மணியில் போட்ட கணக்கை அப்போதுதான் நிஜமாகப் போட முடியும்.

வாங்கிய சிரிஞ்சைத் திறக்காமல் மருந்துக்கடைக்குக் கொண்டுவாருங்கள், எப்படி அழிப்பது என்று சொல்லித் தருவோம். அதுவரை பூட்டிய அலமாரியில் வையுங்கள், ஃபிரிட்ஜ் கதவில் சட்னிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். வரும்போது அப்பா எடுக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அட்டையைப் பார்த்தால்தான் எது எதோடு மோதும் என்று என்னால் சொல்ல முடியும்.